பட்டாவில் அது புஞ்சை: வெட்டப்பட்ட காட்டுக்காகத் துக்கப்பட்ட ஒருவர் – நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்து, கிணத்துக்கடவுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வயது 62. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. கணவர், மகன், மருமகள், ஒரு பேரன். தென்னையும் கொஞ்சம் காய்கறியுமாகப் பண்ணையம். சில வாரமாகத் தூக்கமில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று பொது மருத்துவரிடம் போயிருக்கிறார். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை என்று எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றான பிறகு என்னிடம் அனுப்பினார்கள். நான் பொள்ளாச்சியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவர் கொடுத்த சீட்டில் ‘குடும்பச் சொத்துத் தகராறு, மனச்சோர்வு’ என்று எழுதியிருந்தது. கூட வந்த மகனும் அதையே சொன்னார்: “அம்மாவுக்குப் பொறந்த ஊட்டுப் பங்குப் பிரச்சினைங்க மேடம்.” அவரை வெளியே உட்காரச் சொன்னபின் அந்த அம்மா சொன்னது வேறு.

“பங்கெல்லாம் ஒண்ணுமில்லைங் டாக்டரம்மா. காட்ட வெட்டிப் போட்டாங்க. அதுதானுங்க.”

நான் டாக்டர் இல்லை என்று விளக்கினேன். அடுத்த முறையிலிருந்து ‘கண்ணு’ ஆனேன்.

காடு

ஆறு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், மறுபக்கம் பாறை. கல்லும் கரடுமாக இருந்ததால் அவருடைய அப்பாரு (தாத்தா) காலத்திலேயே உழவுக்கு எடுக்காமல் விட்டுவிட்டார்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் வந்து சுற்றியிருந்த மானாவாரி நிலமெல்லாம் தென்னந்தோப்பு ஆனபோதும், மேட்டில் இருந்த இந்தத் துண்டு தப்பியது. பள்ளத்தோரம் ஒரு நாவல் மரத்தடியில் ஏழு கல் நட்டுக் கன்னிமார் சாமி இருந்ததும் ஒரு காரணம். வருசத்துக்கு ஒருமுறை பொங்கல் வைப்பார்கள். மற்ற நாட்களில் ஆடு மேய்க்கிறவர்கள், தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை உருவுகிறவர்கள், இலுப்பைக் கொட்டை பொறுக்குகிறவர்கள் வந்து போவார்கள்.

வனத்துறைக் காடு இல்லை. குடும்பத்துப் பட்டா நிலம். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, அகராதியில் காடு என்பதற்கு என்ன பொருளோ அந்தப் பொருளில் காடாக இருக்கும் நிலம் யாருடையதாக இருந்தாலும் காடுதான். அந்த வழக்குகூட நமக்குப் பக்கத்தில், கூடலூர்ப் பகுதி மரவெட்டிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் சிட்டாவை எடுத்துப் பார்த்தால் ‘புஞ்சை’ என்று இருக்கும். நூறு வயது இலுப்பை நின்றாலும் புஞ்சை, நிலக்கடலை நின்றாலும் புஞ்சை. கணக்கில் இல்லாத ஒன்று போனால் அது போனது என்று எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த நிகழ்வின் பாதிச் சிக்கல் இங்கேதான் இருந்தது.

வெட்டு

காட்டை வெட்டுக்கு விற்றது அவருடைய அண்ணன். அந்த அண்ணனை வில்லனாக்கினால் எழுதுகிற எனக்கு வேலை சுலபம். ஆனால் நடந்தது அப்படி இல்லை. தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான். அது ஓலையின் அடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்ச, கீழ் ஓலையெல்லாம் கரிபிடித்தது. அதற்குப் பின்னாலேயே கேரள வேர் வாடல் நோய். இரண்டும் சேர்ந்து அவருடைய தோப்பில் காய்ப்பு விழுந்துபோனது. பேத்தி கல்யாணம் வேறு. கடன் ஏறியது. வெள்ளை ஈ தின்ற தென்னையின் நட்டத்தை இலுப்பையும் மருதும் கட்டின என்று சொல்லலாம்.

மர வியாபாரி காட்டை ஒரு சுற்றுச் சுற்றி மொத்தமாக விலை பேசினார். பருத்த அடிமரம் அறுவை மில்லுக்கு. கிளையும் வளைசலும் டன் கணக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு. மாசி மாதம் மிஷின் ரம்பம் இறங்கியது. பெரிய மரத்தில் கை வைக்கும் முன் வெட்டுக்காரர்கள் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியிருக்கிறார்கள். கன்னிமார் நாவலை மட்டும் எவ்வளவு கூலி கொடுத்தாலும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டி முடித்ததும் ஜேசிபி வந்து வேரைப் பிடுங்கிக் குழியை மூடியது. நாவல், ஊஞ்சை, புங்கனெல்லாம் அடிக்கட்டை இருந்தால் அடுத்த மழைக்கே துளிர்க்கும் மரங்கள். அந்த வாய்ப்பும் அதோடு போனது.

இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ போட்டிருந்தான். இட்டேரியில் (இருபக்கமும் வேலி உள்ள வண்டித்தடம்) பாரத்தோடு திரும்ப முடியாமல் திணறும் லாரி, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. லாரியின் மேலடுக்கில் கிடந்த கட்டையில் பொந்து தெரிந்தது. “அது நடு எலுப்பை கண்ணு. அந்தப் பொந்த எனக்குத் தெரியாதா?”

எப்படி இருந்தார்

வெடியால மூன்று மணிக்கு விழிப்பு. பிறகு தூக்கம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மட்டை அரைக்கும் மிஷின் ஓடினால் நெஞ்சு படபடக்கும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிறந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதில்லை. சமையலறைப் பரணில் ஒரு பவுடர் டப்பா. அதில் கால்வாசி அரப்புத் தூள். அந்தக் காட்டு ஊஞ்ச இலையை நிழலில் உலர்த்தி இடித்து, அம்மா இருந்தவரை அம்மாவும் பிறகு நங்கையும் (அண்ணன் மனைவி) வருசா வருசம் கொடுத்தனுப்பியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தலைக்கு வேறு எதுவும் போட்டதில்லை. இப்போது மீதி தீர்ந்துவிடும் என்று அதைத் தொடாமல், பேரனுடைய ஷாம்பூவைப் போட்டுக் குளிக்கிறார். மருமகள்தான் இதை எனக்குச் சொன்னார். மாமியார் செலவை மிச்சம் பிடிக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார்.

“அந்தக் காட்டோட என்னையும் வெட்டிப் போட்டிருக்கலாம்” என்று ஒருமுறை சொன்னார். இப்படி ஒரு பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பேரன் இருக்கிறான், அப்படியெல்லாம் இல்லை என்றார். இருந்தாலும் தோட்டத்து வீடு என்பதால் பூச்சி மருந்தைப் பூட்டி வைக்க மகனிடம் சொன்னேன். மனநல மருத்துவர் பார்த்து, நடுத்தர அளவு மனச்சோர்வு என்று குறித்து, குறைந்த அளவில் மாத்திரை ஆரம்பித்தார்.

நீடித்த துக்கம் என்ற வகைப்பாடு இவருக்குப் பொருந்தாது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் 2022 பதிப்பும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடும் சரி, நெருங்கிய மனிதர் ஒருவர் இறந்தால்தான் அந்தப் பெயரைத் தருகின்றன. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஊரையே மாற்றிப்போட்டபோது, ஊரைவிட்டு எங்கும் போகாதவர்களுக்கும் ஊர் ஏக்கம் வந்ததைக் கவனித்து எழுதினார் தத்துவப் பேராசிரியர் கிளென் ஆல்பிரெக்ட். அது இவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதைவிடப் பொருந்துவது கென்னத் டோக்கா 1989-இல் விவரித்த நிலை: இழப்பு உண்மை, ஆனால் துக்கப்பட உனக்கு உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லாமல் சொல்லுகிற துக்கம். இவருக்கு வாய்விட்டே சொன்னார்கள். கட்டிக்கொடுத்த பெண்; காடு அண்ணனுடையது; மரம்தானே. “மரத்துக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? ஊருல நாயம் பேசிச் சிரிக்கறாங்க” என்றார் கணவர். அவர் கெட்டவர் இல்லை, பயந்து போயிருந்தார்.

மரம் நடச் சொன்னவர்கள்

என்னிடம் வருவதற்கு முன்பே குடும்பம் கையில் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்திருந்தது. எல்லாம் ஒரே வைத்தியம்தான். பேரன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இரண்டு கன்றுகளைக் கொண்டுவந்து “ஆத்தா, நீ இத நட்டுக்க” என்றான். அதை மட்டும் நட்டார். மகன் ஒரு நர்சரியில் நூறு மகோகனிக் கன்று வாங்கி வேலியோரம் வைத்தார். இத்தனை வருசத்தில் இவ்வளவு வருமானம் என்று அதற்கு ஒரு நோட்டீசும் இருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. “இதையும் ஒரு நாள் வெட்டத்தானே நடறான்.”

அப்புறம், காடுதானே பார்க்க வேண்டும் என்று டாப்ஸ்லிப்புக்கு ஒரு நாள் கூட்டிப்போயிருக்கிறார்கள். பாவம், மகனுக்கு அந்த இடத்தின் கதை தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு ஆனைமலைத் தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரித்து விட்ட இடம் அது. ஏறக்குறைய துடைத்து எடுத்துவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டும் விதை ஊன்றியும் தேக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். 1933-இல் அவர் இறந்தபோது அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். என்னைக் காண வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. இன்றைக்கு அங்கே போகிறவர்களுக்கு அது அழகான காடு. எனக்கும்தான். ஆனால் முதல் காட்டை வெட்டியபோது அங்கே குடியிருந்த காடர்களிடமும் மலசர்களிடமும் யார் துக்கம் கேட்டார்கள் என்று, இந்த அம்மா வந்துபோன பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவுக்கு வரலாறு தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்: “அது அளந்து நட்டது கண்ணு. எல்லாம் ஒரே வயசு.”

மரம் நடச் சொல்வதில் தப்பில்லை. எப்போது சொல்கிறோம் என்பதுதான் விசயம். குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் அந்த வாரமே இன்னொன்று பெற்றுக்கொள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. காட்டை இழந்தவரிடம் மட்டும் முதல் நாளே கன்றை நீட்டுகிறோம். கேட்கிறவருக்கு அது ‘போதும், அழுகையை நிறுத்து’ என்றுதான் காதில் விழுகிறது. அதனால் எங்கள் பேச்சில் கன்று, விதை என்ற வார்த்தைகளை நானாக எடுக்கவே இல்லை. அவராக எடுக்கும்வரை காத்திருந்தேன்.

இட்டேரியிலிருந்து பள்ளம் வரை

நான் கேட்டது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் என்னைக் கூட்டிப்போங்கள்.

“இட்டேரி முடியற எடத்துல கடவு. கடவத் தாண்டுனதும் எடது கைப் பக்கம் ரெண்டு ஊஞ்ச மரம், ஒண்ணு சாஞ்சது. சாஞ்சதுல ஏறித்தான் எல உருவுவோம். அதுக்கு மேல பாற. மழ பேஞ்சா பாறக் குழியில தண்ணி நிக்கும், தட்டானா வரும். பாறைக்குக் கீழ எலுப்ப மூணு. நடு எலுப்பையில பொந்து, ஆந்த இருக்கும். பங்குனி சித்திரையில பூக் கொட்டுனா தரையெல்லாம் வெள்ளையாக் கெடக்கும். பொறுக்கித் தின்போம், நெறையத் தின்னா தல கிறுகிறுங்கும். எங்கய்யன் வஞ்சுக்கிட்டே அவரும் ரெண்டு வாயில போட்டுக்குவாரு…”

இப்படியே மரம் மரமாக, தடத்தை விட்டு விலகாமல் வந்தார். குரலில் அழுகை இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்தேன். பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு மரம். பூவரசா, புங்கனா? ஞாபகம் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. “நானும் மறந்துட்டா அதுவும் போச்சே கண்ணு. இனிப் போயிப் பாத்துக்க முடியாதல்ல?”

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த சித்தப்பா மகள், சின்ன வயதில் இவரோடு ஆடு மேய்த்தவர். வீட்டுக்குப் போனதும் போன் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் உடனே பதில்: “புங்கனக்கா. அதுலதான் தொட்டில் கட்டி எந்தம்பியத் தூங்க வெப்போம். ஏன், என்ன திடீர்னு?”

அவருக்கு விசயமே தெரியாது. இந்த அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. காடு போயிருச்சு சாமி என்று. போனிலேயே அந்தத் தங்கை ஓவென்று அழுதிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை பஸ் ஏறி வந்தார். கூடவே, அந்தக் காட்டில் மேய்த்த ஒரு பெரியவரின் சம்சாரமும். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்துக் காப்பி குடித்தார்கள். மறுபடி பேசினார்கள், மறுபடி அழுதார்கள். கணவர் முதலில் சங்கடப்பட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பொழுதோடு திரும்பி வந்து ஓரமாக உட்கார்ந்து, பெண் பார்க்கப் போன வருசம் அந்தக் காட்டில் தேன்கூட்டைக் கலைத்துவிட்டுத் தான் ஓடியதைச் சொன்னாராம். அது இவருக்கே தெரியாத கதை.

எனக்கு இதையெல்லாம் விவரித்துவிட்டுக் கடைசியில் அந்த அம்மா சொன்னார்: “போறப்ப ‘போயிட்டு வாரேன்’னு சொல்லாமப் போனா கண்ணு. எழவூட்டுல போறாப்புல.”

துக்க வீட்டில் விடைபெறாமல் எழுந்து போவது நம் பக்கத்து வழக்கம். அந்தத் தங்கை யோசித்துச் செய்தாரோ, கால் தானாக எழுந்து போனதோ தெரியாது. ஆனால் நான் வாரக் கணக்கில் பேசிச் செய்ய முடியாததை அது செய்தது. நடந்தது சாவுதான் என்று இன்னொருவர் ஒத்துக்கொண்டார். சாவு விழுந்தால் நம்மிடம் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. யார் வர வேண்டும், யார் கையைப் பிடிக்க வேண்டும், எத்தனை நாள் அடுப்பு மூட்டக் கூடாது, எப்போது தலைக்கு ஊற்ற வேண்டும். காட்டுக்கு எந்த முறையும் இல்லாததால் அவர் மாசியிலிருந்து துக்கத்தின் முதல் நாளிலேயே நின்றிருந்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு தூக்கம் ஐந்து மணி வரை நீண்டது. மாத்திரைக்கும் அதில் பங்கு இருக்கும். பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

மாசாணியம்மன்

துக்கம் கொஞ்சம் இளகியதும் கோபம் எழுந்தது. இது வழக்கமாக நடப்பதுதான். ஒரு நாள் வந்தவர், ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போகிறேன் என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அநியாயம் நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். யாருக்கு எதிராகப் பூசினார்களோ அவர்களை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நம்பிக்கை. மகன் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். “சொந்த அண்ணன் மேல அரைக்கலாமுங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க மேடம்.”

நான் தடுக்கவில்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள், வந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றேன். பகுத்தறிவுக்கு ஒவ்வாத காரியத்துக்குத் துணை போகலாமா என்று என் சக ஆலோசகர் ஒருவர் கேட்டார். மாதக் கணக்கில் நெஞ்சுக்குள் அரைத்துக்கொண்டிருப்பதைவிட ஆட்டுக்கல்லில் அரைப்பது மேல் என்பது என் எண்ணம்.

போனார். அரைத்தார். கண்ணெல்லாம் எரிந்தது. கையில் விழுதை எடுத்துக் கல்லுக்கு முன்னால் நின்றபோது யார் பேரைச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் பேர் வாயில் வரவில்லை. வியாபாரி பேர் தெரியாது. “அப்பறம் பாத்தா, கையெழுத்துப் போட்டது நானுந்தானே கண்ணு? எம்பேரச் சொல்லிப் பூசறதா?” பேர் சொல்லாமலே பூசிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

கையெழுத்து பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசினார். 1998-இல் அப்பா தவறினார். அடுத்த வருசம் அண்ணன் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஒரு பட்டுப்புடவை, மகன் பேரில் கொஞ்சம் பணம். சந்தோசமாகவே போட்டார். 1989-இல் தமிழ்நாடு, மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அதில் சேர்க்கவில்லை. இவருக்கு 1983-இலேயே கல்யாணம். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது இவருடைய பத்திரம் பதிவாகி ஆறு வருசம். அதன்பேரில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். எல்லாரும் ‘பங்குப் பிரச்சினை’ என்று சொன்னபோது அவர் எரிச்சல்பட்டதற்குக் காரணம் இதுதான். பங்கு கேட்க அவருக்கு விருப்பமில்லை. வெட்டாதே என்று சொல்லும் வாயைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் மூன்று மணிக்கு அவரை எழுப்பிக்கொண்டிருந்தது.

‘உங்கள் தப்பு எதுவும் இல்லை’ என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த நிமிடமே அந்தப் பேச்சு முடிந்துவிடும். அன்று போடமாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு மூன்று சந்திப்புகளில் நிதானமாகப் பார்த்தோம். அண்ணன் உறவு அப்போதே முறிந்திருக்கும். மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வந்திருக்காது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் போய்ப் பார்த்திருக்க முடியாது. அரப்பும் வந்திருக்காது. “அத்தனையும் வேணும்னுதான் போட்டேன். காடு போகும்னு நெனைக்கல. காடெல்லாம் போகும்னு அப்ப யாரு நெனச்சா?” என்றார். குற்ற உணர்வு முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பது அவருக்கே தெரிந்தது. அதற்கு அப்பால் தள்ள நான் முயலவில்லை.

ஆனி

வெட்டிய இடத்துக்குப் போக வேண்டும் என்று அவராகச் சொன்னது வைகாசிக் கடைசியில். பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது என்ற வழக்கமான முறையில் ஆரம்பித்தோம். முதலில் அந்த ஊர் பஸ்ஸில் போய் இறங்காமலே திரும்புவது. பிறகு இட்டேரி முனை வரை. பிறகு உள்ளே. வெறும் மண்ணைப் பார்த்தால் தாங்கமாட்டார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அதைத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது கன்னிமார் நாவலைப் பார்த்தபோது. சுற்றிலும் இருந்த மரங்களோடு போட்டியிட்டு ஒரே பக்கமாக உயர்ந்திருந்த மரம், இப்போது தனியாகக் கோணலாக நின்றது. ஆடிக் காற்று இன்னும் வரவில்லை, அதற்குள் ஒரு கிளை முறிந்திருந்தது. “இத எதுக்கு உட்டாங்க? எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னிருக்குமே” என்று அழுதார். தப்பிப் பிழைத்தவரின் வேதனையை ஒரு மரத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆனியில் அந்த மரம் பழுத்தது. தங்கையோடு போய்ப் பொறுக்கி வந்தார். பாதியைத் தின்றார்கள். மீதிக் கொட்டையை என்ன செய்வது என்று என்னிடம் அவர் கேட்டபோதுதான் விதை என்ற பேச்சே எங்களுக்குள் வந்தது. நாவல் விதையை எடுத்து வைக்க முடியாது. உலர்ந்தால் முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும். இலுப்பையும் வேம்பும் அப்படித்தான். உடனே ஊன்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். பால் கவர்களில் செம்மண்ணும் எருவும் போட்டு, மாட்டுக் கொட்டகையின் நிழலில் வரிசையாக வைத்தார். ஒரு நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது உண்டு. அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து சிரித்தார்.

துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார் என்று 1999-இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அழுகையும் நாற்றும் ஒரே நாளில் இருந்தால் முன்னேற்றம் நின்றுவிட்டது என்று குடும்பம் பயப்பட வேண்டாம் என்பதற்காக இதை மகனுக்கு விளக்கினேன். இதே கன்றைப் பங்குனியில் நீட்டியிருந்தால் மகோகனிக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேர்ந்திருக்கும்.

இப்போது

மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். தூக்கம் பரவாயில்லை. எடை திரும்பியிருக்கிறது. மட்டை மிஷின் சத்தம் இன்னும் பிடிக்காது, ஆனால் கதவைச் சாத்துவதில்லை. அரப்பு டப்பாவை ஒரு தீபாவளிக்கு எடுத்துத் தீர்த்துவிட்டார். இப்போது பேரன் ஷாம்பூதான், அது முடியைக் கொட்ட வைக்கிறது என்று திட்டிக்கொண்டே. நங்கையோடு பேச்சு உண்டு. அண்ணனோடு இல்லை, சேர்த்து வைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

போன மழைக்குப் பள்ளத்துக் கரை அரித்து, வெட்டிய நிலத்தில் ஒரு பகுதி மண் சரிந்துவிட்டது. புதிதாக வைத்த தென்னங்கன்றுகளில் சில அதோடு போயின. அந்த வாட்ஸ்அப் வீடியோ போட்ட அண்ணன் மகன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, “அத்தை, கரையில வெக்க நாவலும் புங்கனும் குடுக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறான். தருகிறேன், ஆனால் வெட்டமாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றிருக்கிறார் இவர். அவன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் இரண்டு முறை போனில் பேசிவிட்டான். இருபது ரூபாய் முத்திரைத்தாள் போதுமா என்பது வரை பேச்சு வந்திருக்கிறது. கன்றுகள் கொட்டகையில்தான் இருக்கின்றன. வேர் கவரைக் கிழித்துவிட்டதால் பெரிய பைக்கு மாற்ற வேண்டும் என்று போன வாரம் சொன்னார்.